பதினொரு கிராம்

தம்மாம்
18.3.1977

அன்பு மச்சான் முகைதீன் பிச்சைக்கு, காதர் பாட்சாவின் ஸலாம்.

ஊரிலிருந்து வந்தவர் கையில் உங்கள் தங்கை கொடுத்தனுப்பிய கருவாடும் கேசட்டும் வந்து சேர்ந்தன. கருவாட்டை அறையில் இருக்கும் எட்டுப் பேரும் அன்றைக்கே தீர்த்துவிட்டார்கள். கேசட் மட்டும் எனக்கு மிஞ்சியது. ஒரு பக்கம் முழுக்கப் பேசியிருக்கிறாள் பத்ரு. எதிர் வீட்டுக் கல்யாணம், மகள் ஆஸியா வகுப்பில் இரண்டாவதாக வந்தது, நீங்கள் ரத்தம் பார்க்கும் லேப்புக்குப் புது மேசை போட்டது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்கிறாள்: "நெஞ்சுக்குள்ள என்னமோ தாறுமாறா ஓடுதுங்க. எழுதுனா உங்களுக்கு வெளங்காது. நீங்களே கேளுங்க."

அப்புறம் மைக்கை நெஞ்சில் வைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. பேச்சு இல்லை, துடிப்பு மட்டும்தான். நாலு தடவை ஒழுங்காக அடிக்கிறது. ஒன்றை விட்டுவிடுகிறது. விட்டதைப் பிடிக்கப் போவது போல மூன்று சேர்ந்து ஓடி வருகிறது. கடைசியில் உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்கிறாள். அதை எழுதினால் உங்களுக்குத் தலைக்கனம் ஏறிவிடும், எழுதமாட்டேன்.

கம்பெனி டாக்டர் எகிப்துக்காரர். அவர் மேசைமேல் டேப்பை வைத்துப் போட்டுக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இரண்டு முறை கேட்டுவிட்டு, அந்தப் பெண் வெளுத்திருப்பாளா என்று கேட்டார். ரத்தம் வற்றினால் இதயம் தாளம் தப்பும், முதலில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்கச் சொல் என்றார்.

ஊரார் ரத்தத்தையெல்லாம் உறிஞ்சுகிற மனுஷர் பக்கத்து வீட்டிலேயே இருக்கும்போது நான் யாரைக் கேட்கப் போகிறேன். உடனே பார்த்து எழுதுங்கள். இன்னொன்று, பானையில் பச்சரிசி குறைந்தால் எலிமேல் பழி போட வேண்டாம். அள்ளி அள்ளி மெல்லுகிற பழக்கம் அவளுக்கு நான் இருக்கும்போதே உண்டு.

காதர் பாட்சா


காரைக்கால்
9.4.1977

அன்பு மாப்பிள்ளைக்கு, ஸலாம். உங்கள் கடிதம் பார்த்த மறுநாளே பத்ருவை லேப்புக்கு வரச் சொன்னேன். நல்ல வெளிச்சம் இருந்த காலை நேரம். நானே விரலில் குத்தினேன். நாலு வயதில் முள் எடுத்தபோது அழுததுபோலவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எப்படிப் பார்க்கிறேன் என்று நீங்கள் முன்பு கேட்டதுண்டு. குழாயில் அமிலத்தை விட்டு அதில் ரத்தத்தைக் கலந்தால் பழுப்பாகும். பத்து நிமிஷம் பொறுத்து, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட வேண்டும். பெட்டியில் மூடி ஒட்டிய ஒரு பழுப்புக் குழாய் உண்டு. அதுதான் அத்தாட்சி. ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்தில் பிடித்து, நிறம் ஒன்றானதும் கோட்டைப் படிக்க வேண்டும். பிரான்சுக்குப் போன ஒரு பட்டாளத்துச் சொல்தா வீட்டில் நான் வாங்கிய பெட்டி அது. அந்தப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் கம்பவுண்டராக இருந்தவர். நம்பகமான சாமான்.

பதினொரு கிராம். பெண்பிள்ளைக்கு இது தாராளம். ஆண்களுக்கு என் கையில் பதினெட்டு, பத்தொன்பது சர்வசாதாரணமாக வருகிறது. மீன் தின்கிற ஊரல்லவா, நம் ஊர் ரத்தமே தனி.

நம் ஊர் டாக்டருக்கும் முதலில் சந்தேகம் இருந்தது. கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, தஞ்சாவூருக்கு அனுப்பி ரத்தம் ஏற்றலாமா என்று யோசித்தார். என் சீட்டைப் பார்த்ததும் அந்த யோசனையை விட்டுவிட்டார். நரம்புத் தளர்ச்சி, புருஷன் பக்கத்தில் இல்லாத ஏக்கம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். வியாழக்கிழமை தர்காவுக்கும் கூட்டிப்போய் ஓதிப் பார்த்துவிட்டோம்.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கவலையில்லாமல் வேலையைப் பாருங்கள்.

முகைதீன் பிச்சை


தம்மாம்
2.9.1977

மச்சான், தந்தி என் கைக்கு வந்தபோது அவளை அடக்கி மூன்று நாள் ஆகியிருந்தது. நான் புறப்பட்டு வந்து யார் முகத்தைப் பார்ப்பது. அதனால்தான் வரவில்லை. ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியும். பேசட்டும்.

குடத்தை இடுப்பில் வைத்தவள் அப்படியே உட்கார்ந்தாள், எழுந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. முப்பத்தொரு வயது.

நீங்கள் உங்களை நொந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். எதற்கு. ரத்தம் நன்றாக இருந்தது. நீங்களே பார்த்தீர்கள். அதற்குமேல் யார் என்ன செய்திருக்க முடியும். அவள் நாள் முடிந்துவிட்டது. உங்கள் சீட்டை பர்ஸில் வைத்திருக்கிறேன். செய்ய வேண்டியதைச் செய்தோம் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான்.

ஆஸியா உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். பதினொரு வயதுப் பிள்ளையை நான் இந்த வெயிலில் எங்கே வைத்துக்கொள்ள.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் கேசட்டைப் போடுகிறேன். அறையில் இருப்பவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். ஆள் மண்ணுக்குள் போன பிறகும் நெஞ்சு மட்டும் இங்கே என் கட்டில்மேல் அடித்துக்கொண்டிருக்கிறது மச்சான். நிறுத்தும் பொத்தானை அமுக்க எனக்குக் கை வருவதில்லை. தானாக ஓடி நிற்கும்வரை விட்டுவிடுகிறேன்.

காதர் பாட்சா


காரைக்கால்
11.12.1981

அன்பு மாப்பிள்ளைக்கு, ஆஸியா நலம். பதினைந்து வயதாகிவிட்டது. நீங்கள் அனுப்பிய துணி அளவாக இருந்தது.

லேப்புக்குப் புதுக் கருவி வாங்கியிருக்கிறேன். இதில் அத்தாட்சி நிறம் கண்ணாடியிலேயே இருக்கிறது. பழைய பெட்டியை மூடி அலமாரிமேல் போட்டுவிட்டேன்.

ஒரு மாதமாக லேப்பைச் சரியாகத் திறக்கவில்லை. கண் சரியில்லை என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு தருமபுரம், அம்பகரத்தூர் என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று என் வீட்டுக்காரி கேட்கிறாள். பழைய ஆட்களைப் பார்க்க என்கிறேன்.

மாப்பிள்ளை, உங்களுக்கு அந்தக் கேசட்டில் என்ன கேட்கிறது என்று நீங்கள் எழுதியது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நான் அதைக் கேட்டதே இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் சொட்டும்போது நாலு சொட்டு ஒழுங்காக விழுகிறது, ஒன்று விழாமல் நிற்கிறது, பிறகு மூன்று சேர்ந்து விழுகிறது. என் கை நடுங்குவதால் இருக்கும். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயம் எழுத வேண்டும் என்றுதான் இந்தத் தாளை எடுத்தேன். தாள் முடிந்துவிட்டது.

முகைதீன் பிச்சை


தம்மாம்
6.2.1984

மச்சானுக்கு ஸலாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தாள் முடிந்துவிட்டது என்று எழுதினீர்கள். அதற்குப் பிறகு நாலைந்து தாள் அனுப்பிவிட்டீர்கள். அந்த விஷயம் மட்டும் வரவே இல்லை. போகட்டும். இப்போது எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

நவம்பரிலிருந்து என் நெஞ்சு தாளம் தப்புகிறது. நாலு, ஒன்று விட்டு, மூன்று. அப்படியே அவளுடையதுதான். ஏழு வருஷம் கேட்டுக் கேட்டு, கேசட்டிலிருந்து இறங்கி எனக்குள் வந்து உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், எனக்குப் பயமாக இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிமெண்ட் சூளைப் பக்கத்தில் ஒருநாள் தலை சுற்றி விழுந்ததும் தூக்கிப் போனார்கள். இப்போதிருக்கும் டாக்டர் மலையாளி. ரத்தம் பார்த்தார். பத்தொன்பதரை. எனக்கு ரத்தம் மிஞ்சிப் போயிற்றாம், கூழ்போல ஓடுகிறதாம். சிகரெட்டும் சூளைப் புகையும் செய்த வேலை என்கிறார். ஊசியைக் குத்தி ஒரு பாட்டில் எடுத்துக் கொட்டினார்கள். "கொறஞ்சாலும் ஹார்ட் தடுமாறும், மிஞ்சுனாலும் தடுமாறும், அளவுல நிக்கணும்" என்றார். இரண்டு முறை எடுத்த பிறகு நெஞ்சு அடங்கிவிட்டது. அவள் இறங்கிப் போய்விட்டாள்.

பத்ரு கதையை அவரிடம் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு ரத்தம் இருந்தது என்று கேட்டார். பர்ஸிலிருந்து உங்கள் சீட்டை எடுத்துக் காட்டினேன். பதினொன்று என்றால் ரத்தத்தால் அல்ல, இதயத்திலேயே பிறவிக் கோளாறு இருந்திருக்கும், மகளுக்கும் இருக்கலாம் என்றார். பிள்ளை பெறும்போது அப்படிப்பட்ட இதயம் தாங்காமல் போகலாமாம்.

ஆஸியாவும் படி ஏறினால் மூச்சு வாங்குகிறாள், நெஞ்சு படபடக்கிறது என்கிறாள் என்று போன கடிதத்தில் நீங்களே எழுதியிருந்தீர்கள். ஆகவே அவளைப் பெண் கேட்டு வந்திருக்கும் தருமபுரத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்த நிக்காஹ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இது மட்டுமல்ல, எந்த நிக்காஹும் வேண்டாம். ஒரு பெண்ணைக் கொடுத்தது போதும். பெட்டைக்கோழி மாதிரி வீட்டோடு இருந்தாலும் உயிரோடு இருக்கட்டும்.

காதர் பாட்சா


காரைக்கால்
27.2.1984

மாப்பிள்ளை, உங்கள் கடிதத்தை ஆஸியா எனக்கு முன்னால் பிரித்துவிட்டாள். வாப்பா கையெழுத்து என்றால் அவள் பொறுக்கமாட்டாள். படித்துவிட்டு நேராக உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். அரிசிப் பானை பக்கத்தில் நின்று பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருந்தாள். அதே மூலை. அவள் உம்மா நிற்பது போலவே ஒரு தோளைச் சுவரில் சாய்த்துக்கொண்டு நின்றாள். எத்தனை மாதமாக இந்தப் பழக்கம் என்று கேட்டேன். ஆறு மாதம் என்றாள்.

இனி எழுதாமல் இருக்க முடியாது. அந்தச் சீட்டு பொய்.

தெரிந்து எழுதிய பொய் அல்ல. பழைய பெட்டியில் மூடி ஒட்டிய குழாய் என்று எழுதினேனே, அதில் இருந்தது ஒரு பழுப்புத் தண்ணீர். வருஷக்கணக்கில் ஜன்னலோரம் வெயிலில் இருந்து வெளுத்துப்போயிருக்கிறது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியவில்லை. அத்தாட்சி வெளுத்தால், அந்த நிறத்துக்குக் கொண்டுவர நான் அதிகம் தண்ணீர் விடுவேன். தண்ணீர் ஏறினால் கோடு ஏறும். கோடு ஏறினால் ரத்தம் அதிகம் என்று எழுதுவேன். புதுக் கருவி வந்த அன்று என் விரலையே குத்தி இரண்டிலும் பார்த்தேன். புதியதில் பதின்மூன்று. பழையதில் பத்தொன்பது. மீன் தின்கிற ஊர், தனி ரத்தம் என்று பெருமையடித்தேனே, அது இதுதான்.

எழுபத்தேழாம் வருஷத்து நோட்டைப் புரட்டினேன். அப்போதே ஆண்களுக்கெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது. ஆகவே அப்போதே வெளுத்துவிட்டிருக்கிறது. என் தங்கைக்கு அன்றைக்கு எட்டுக்குக் கீழேதான் இருந்திருக்கும். டாக்டர் ரத்தம் ஏற்றலாம் என்று நினைத்தார். என் சீட்டுதான் தடுத்தது.

சைக்கிளில் சுற்றியது, ரத்தம் நன்றாக இருக்கிறது என்று நான் அனுப்பிய பெண்களைத் தேடி. நூற்றுப் பன்னிரண்டு பேர். பெரும்பாலோர் கிடைத்தார்கள், திரும்பப் பார்த்துக் கொடுத்தேன். அம்பகரத்தூரில் ஒரு வீட்டில் மட்டும், குஞ்சம்மா பிரசவத்தில் போய் நாலு வருஷமாச்சே என்றார்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். அவர்களிடம் சொல்லவில்லை. உங்களிடமும் இரண்டு வருஷத்துக்குமேல் சொல்லவில்லை. சொன்னால் ஆஸியாவைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள் என்று பயந்தேன். எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை.

மூச்சு வாங்குகிறாள் என்று தெரிந்தும் அவள் விரலில் குத்தப் பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நேற்று ஆஸியாவுக்குப் புதுக் கருவியில் பார்த்தேன். ஏழே முக்கால். கையைப் பிடித்தால் நாடி நாலு அடித்து ஒன்று விடுகிறது. பிறவிக் கோளாறு இல்லை மாப்பிள்ளை. ரத்தம் இல்லை, அவ்வளவுதான். பச்சரிசி ஆசைகூட அதனால்தான் வருமாம், டாக்டர் சொல்கிறார். நாளை தஞ்சாவூர் கூட்டிப்போகிறேன். இந்த முறை கையில் என் சீட்டு இல்லை. அங்கேயே பார்க்கட்டும்.

முகைதீன் பிச்சை


தம்மாம்
30.5.1984

முகைதீன் பிச்சைக்கு,

மூன்று மாதம் எழுதவில்லை. எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன்.

தப்பு எல்லாருக்கும் வரும். அதை நான் விழுங்கிவிடுவேன். ஆனால் தெரிந்த பிறகும் இரண்டு வருஷத்துக்குமேல் என் மகளோடு ஒரே சஹன் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டீர்கள். அந்தச் சோறு எப்படி இறங்கியது.

என்னிடமிருந்து இரண்டு பாட்டில் ரத்தம் எடுத்து, என் கண்ணெதிரே வாளியில் கொட்டினார்கள். அப்போது அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது கண்ணை மூடினால் அந்த வாளிதான் தெரிகிறது. இங்கே எனக்கு மிஞ்சி வழிந்திருக்கிறது, அங்கே அவள் அது இல்லாமல் குடத்தோடு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்தக் கடிதம் கொண்டுவரும் ஆள் கையில் கேசட்டைக் கொடுத்தனுப்புகிறேன். இத்தனை வருஷம் நான் கேட்டேன். இனி நீங்கள் கேளுங்கள். நடுவில் நிறுத்தாமல் கடைசிவரை கேளுங்கள்.

காதர் பாட்சா


காரைக்கால்
20.9.1984

மாப்பிள்ளை, கேசட் வந்தது. ஒரு வாரம் அலமாரியில் பழைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பிறகு ஒரு காலையில் லேப்பை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு கேட்டேன்.

சொட்டில் நான் கேட்டது அதேதான். நாலு, ஒன்று விட்டு, மூன்று. நான் கேட்காத ஒன்றை என் கை எப்படி அறிந்தது என்று தெரியவில்லை. அதைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி நிறுத்தவில்லை. துடிப்பு முடிந்து அவள் மறுபடி பேசினாள். "நானாகிட்ட காட்டலாம்னு இருக்கேன். எங்க நானா பாத்து சொல்லிட்டா அப்பறம் எனக்கு பயமில்ல." அண்ணன் எனக்குத் தலைக்கனம் ஏறும் என்று நீங்கள் எழுதாமல் விட்ட வார்த்தை. வெளியே யாரோ வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்கள். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆஸியா விஷயம். தஞ்சாவூரில் நெஞ்சைப் படம் எடுத்து, ஈசிஜி எடுத்து, இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வயிற்றில் கொக்கிப்புழு இருந்திருக்கிறது. மருந்து கொடுத்தார்கள், இரும்பு மாத்திரை ஆறு மாதமாக நடக்கிறது. ஈரலும் முருங்கைக்கீரையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்கிறாள். போன வாரம் பன்னிரண்டு. நான் பார்த்ததை நம்பாமல் தஞ்சாவூரிலும் பார்த்தேன். அங்கேயும் பன்னிரண்டு. பச்சரிசிப் பானைப் பக்கம் போவதில்லை.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கேசட்டை வாங்கி உம்மா குரலைக் கேட்டாள். கேட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்து, "மறுபக்கம் காலியாத்தானே கெடக்கு மாமா, என்னோடதயும் எடுத்து வாப்பாவுக்கு அனுப்புங்க" என்றாள். அனுப்பியிருக்கிறேன்.

தருமபுரத்து வீட்டார் இன்னும் காத்திருக்கிறார்கள். முடிவு உங்களுடையது. அவளைக் கூட்டிப் போவதென்றாலும் தடுக்கமாட்டேன்.

முகைதீன் பிச்சை


தம்மாம்
2.11.1984

மச்சான்,

நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. நானும் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் பொய்யாகிவிடும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து முதலில் பத்ரு பக்கத்தைப் போட்டேன். பிறகு திருப்பிப் போட்டேன். என் மகள் நெஞ்சு ஓடியது. எங்கே தவறும் எங்கே தவறும் என்று காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நாலு வந்தது, ஐந்தாவதும் வந்தது. தவறவே இல்லை. ஏழு வருஷப் பழக்கம், ஒவ்வொரு ஐந்தாவதுக்கும் எனக்கு மூச்சு நின்று வந்தது.

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, துடிப்புக்கு அடியில் உங்கள் குரலும் பதிந்திருக்கிறது. வாய்க்குள் எண்ணியிருக்கிறீர்கள். எழுபத்தாறு வரைக்கும் எண்ணி, சரியாயிருக்கு என்றீர்கள். பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினீர்கள். மூன்றாம் தடவையும் எண்ணினீர்கள். ஆஸியா எழுந்து போன சத்தம் கேட்டது. நீங்கள் டேப்பை நிறுத்த மறந்துவிட்டீர்கள். ஆளில்லாத இடத்தில் ஒரு மனுஷர் பத்ரு, பத்ரு என்று அழுவதை நாடா தீரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் போனதற்கு நான் அழுதபோது பக்கத்தில் யாரும் இல்லை. இப்போதுதான் துணைக்கு ஒருவர் கிடைத்தார்.

தருமபுரத்து வீட்டாருக்கு ஜனவரியில் நாள் குறிக்கச் சொல்லுங்கள். ஆஸியா அதுவரை உங்கள் வீட்டில்தான் இருப்பாள். பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளியாக, வலீயாக, நான் வருகிறேன். உங்கள் பழைய சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை எனக்கு ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஊரில் இருக்கும் மாதம் உங்களிடம் வருகிறேன். காலை வெளிச்சத்தில், ஜன்னல் பக்கத்தில் நின்று, நீங்கள் பாருங்கள். நானும் பக்கத்திலேயே நின்று பார்ப்பேன்.

காதர் பாட்சா